விஸ்கான்சின் பேரவையில் ஒரு விவசாயி: எங்கே தேடுவது?

கேள்வி: என் கணவரின் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்தது. அவருடைய முன்னோர் ஒருவர் விவசாயி என்றும், 1874-இல் மாநிலப் பேரவையில் உறுப்பினராக இருந்தார் என்றும் வீட்டில் சொல்கிறார்கள். பெயரும் கவுண்டியும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) தான் தெரியும். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: உறுப்பினரா என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடலாம். விவசாயியா என்பதுதான் கொஞ்சம் வேலை வாங்கும்.

முதலில் அந்த ஆண்டின் பேரவைக் கையேட்டைப் பாருங்கள். பின்னாளில் 'ப்ளூ புக்' என்று பெயர் பெற்ற வரிசை இது. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உறுப்பினர் பிறந்த இடம், தொழில் எல்லாம் சின்னக் குறிப்பாக இருக்கும். அன்று மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையான பேரவையின் பதவிக்காலம் ஒரே ஆண்டு. 1874-இல் பெயர் இல்லையென்றால் முன்பின் ஆண்டுகளையும் புரட்டுங்கள். வீட்டுக் கதைகளில் ஆண்டு நகர்வது சகஜம்தான்.

கையேட்டில் 'விவசாயி' என்று இருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ரயில்வே கட்டணக் கொள்ளையை எதிர்த்து, 'கிரேஞ்ச்' விவசாய சங்கங்கள் வலுத்திருந்த நேரம் அது. அவர்கள் ஆதரவோடு 1873 தேர்தலில் வென்ற ஆளுநர் வில்லியம் டெய்லரே விவசாயிதான். அரசியலில் அந்த அடையாளத்துக்கு மவுசு இருந்தது. நிலம் வைத்திருந்த வக்கீலுக்கும் அது பயன்பட்டிருக்கும்.

அதனால் 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போங்கள். குடும்ப வரலாறு தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு போதும். வயது, பிறந்த இடம், தொழில், சொத்து மதிப்பு கிடைக்கும். ஒரே கவுண்டியில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், கையேட்டுக் குறிப்போடு ஒப்பிட்டுப் பிரித்துவிடலாம். அப்புறம் அதே கணக்கெடுப்பின் வேளாண் அட்டவணை. என் கணக்கில் முக்கியமான சாட்சி இதுதான். எத்தனை ஏக்கர் சாகுபடி, எத்தனை கறவை மாடு, எத்தனை புஷல் (தானிய அளவை) கோதுமை, எத்தனை பவுண்டு வெண்ணெய் என்று பண்ணையே கண்முன் வந்துவிடும். மாடு குறைவாக இருந்தால் சந்தேகப்படாதீர்கள்; விஸ்கான்சின் அப்போது கோதுமை பூமி, பால் பண்ணைகள் பெருகியது அதற்குப் பிறகு.

1880-களில் வந்த கவுண்டி வரலாற்று நூல்களை உதவிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சந்தாதாரர்களை நம்பி அச்சானவை, புகழ்ச்சிக்குப் பஞ்சமிருக்காது.

நிலத்தை விட்டுவிட்டு ஒரு விவசாயி எப்படிப் பேரவைக்குப் போனார் என்று தோன்றலாம். கூட்டம் மாநிலத் தலைநகர் மாடிசனில் ஜனவரியில் தொடங்கும், வயல் உறைந்து கிடக்கும் காலம். அன்று ஆண்டுச் சம்பளம் 350 டாலர்.

ஆள் உறுதியானதும் 1874-இன் அவை நடவடிக்கைக் குறிப்பைத் தேடி எடுங்கள். ரயில் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்த பாட்டர் சட்டம் அந்த ஆண்டுதான் நிறைவேறியது. பெயர் சொல்லி வாக்கெடுத்த இடங்களில் உங்கள் ஆள் எந்தப் பக்கம் நின்றார் என்று தெரிந்துவிடும்.