பழைய கைரம்பம் எந்தக் கம்பெனின்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

அப்புச்சி வீட்டு அட்டாலில கெடந்த ரம்பம், துரு ஏறி பேரே தெரியல, யாரு செஞ்சதுன்னு கேட்டிருக்கீங்க. மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறனுங்க, கிரைண்டர்ல துருவ எடுக்காதீங்க! நான் உக்கடத்துல பழைய இரும்புக்கடைல வாங்குன ஒண்ண அப்படித்தான் தேச்சு பேரையே அழிச்சுட்டேன்.

கைப்பிடில நட்டுங்களோட காசு மாதிரி ஒரு பித்தள வில்லை இருக்கும், அத துணில தொடச்சுட்டு படிங்க. டிஸ்டன்னு இருந்தா அமெரிக்கா, பிலடெல்பியா, ஹென்றி டிஸ்டன் 1840ல ஆரம்பிச்சது, 'அன்ட் சன்ஸ்' சேந்திருந்தா 1871க்கு அப்பறம் வந்ததுங்க. ஸ்பியர் அன்ட் ஜாக்சன்னா இங்கிலாந்து ஷெபீல்டு. ஆனா கழுகோ கிரீடமோ போட்டு 'வாரன்டட் சுப்பீரியர்'னு மட்டும் இருந்தா ஏமாந்துறாதீங்க, அது கம்பெனி பேரில்ல, பல கம்பெனிக்காரங்க போட்ட பொது வில்லை. தகட்டுல 'காஸ்ட் ஸ்டீல்'னு இருக்கறதும் அப்படித்தான், இரும்போட ரகம் அவ்வளவுதான்.

தகட்டோட நடுவுல அமிலத்துல பொறிச்ச எழுத்து இருக்கலாம், அதுக்கு ஒரு மரக்கட்டைல நைஸ் உப்புத்தாள சுத்தி மண்ணெண்ணெ விட்டு மெதுவா தேய்ங்க, கட்ட இல்லாம வெரல்ல தேச்சா பள்ளத்துல இருக்கற கருப்பும் போயிரும், அப்பறம் சாயங்கால வெயில்ல சாச்சு புடிச்சு பாருங்க, எழுத்து மங்கலா எந்திரிச்சு வரும்.

நட்டு தலைல ரெண்டு பக்கமும் வெட்டு இருந்தா ரம்பம் நல்ல பழசுங்க. கைப்பிடிய மட்டும் நம்பாதீங்க, நம்மூரு ஆசாரிங்க ஒடஞ்சா வேற மாட்டிருப்பாங்க.