நிலத்தை அடகு வைத்து இன்ஜினியரிங் சீட் வாங்க வேண்டாம்

ஐயா, மகளின் கட்-ஆஃபுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது, உங்கள் அண்ணன் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பேசி வைத்திருக்கிறார், நிலத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கவலைப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அடகு வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கடனைக் கட்டப்போவதும் அண்ணன் இல்லை, படிக்கப்போவதும் அவர் இல்லை.

உங்கள் மகளிடம் பேசினேன். போனில் எடுத்த வீடியோக்களைக் காட்டினாள். சேப்பங்கிழங்கு இலையை லேசாகச் சாய்த்ததும் துளி ஓடிவிடுகிறது. ரோஜா இதழில் அதே உருண்டைத் துளி, இதழைக் கவிழ்த்தாலும் விழவில்லை. "ரெண்டுலயும் தண்ணி உருண்டுதானே நிக்குது, அப்புறம் ஏன் சார் இது மட்டும் ஓடல?" என்றாள். அருமையான கேள்வி. துளி எவ்வளவு உருண்டையாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. நகரும்போது துளியின் முன்விளிம்பும் பின்விளிம்பும் பரப்பைத் தொடும் கோணங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இலையின் மெழுகு மேடுகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருப்பதால் பின்விளிம்பு சுலபமாக விடுபடுகிறது. இதழின் மேடுகளுக்கு இடையே தண்ணீர் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கேள்வியே வேலையாக இருக்கும் இடம் டெக்ஸ்டைல் டெக்னாலஜி, அதிலும் ஃபினிஷிங், அதாவது தயாரான துணிக்குப் பூச்சு கொடுத்துத் தன்மையை மாற்றும் வேலை. "மில் வேலை" என்று சொந்தக்காரர்கள் ஒதுக்கும் படிப்புதான். மழைக்கோட்டுத் துணியை வளையத்தில் இழுத்து மாட்டி, 45 டிகிரி சாய்த்து, மேலிருந்து 250 மில்லி தண்ணீரைத் தூவுவார்கள். வளையத்தைத் தட்டிவிட்டு, எங்கே நனைந்திருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். நல்ல மதிப்பெண்ணுக்கு இத்தனை காலம் கைகொடுத்தவை ஃப்ளோரின் ரசாயனங்கள். அவை மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுகின்றன. 2025 ஜனவரி முதல் கலிபோர்னியாவும் நியூயார்க்கும் பெரும்பாலான உடைகளில் அவற்றைத் தடை செய்துவிட்டன. ஃப்ளோரின் இல்லாத பூச்சு தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. துவைக்கத் துவைக்க வலுவும் குறையும். இதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஏற்றுமதியை நம்பியிருக்கும் திருப்பூருக்குத் தேவை.

முதல் சம்பளம் பெரிதாக இருக்காது. துணிக்குச் சாயமும் பூச்சும் ஏற்றும் பிராசசிங் யூனிட்டில் சூடு, நெடி, ஷிப்ட் எல்லாம் உண்டு. அதை மகளிடம் மறைக்காதீர்கள். சரி என்றால், கவுன்சலிங்கில் கிண்டி ஏ.சி. டெக்கை (அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) முதலில் போடுங்கள், அப்புறம் கோவைக் கல்லூரிகள். சேரும் முன் அவளையே கூட்டிப்போய், அந்தத் தண்ணீர் தூவும் கருவி லேபில் இருக்கிறதா, மாணவர்களே கையால் சோதனை செய்கிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். மழுப்பினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.