மழைக்கு முன் மளிகை: கேள்வி – பதில்

கே: மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டால் கடைகளில் சாமான் தீர்ந்துவிடுகிறது. நாலு பேருக்கு இரண்டு வாரத்துக்கு எவ்வளவு வாங்கி வைக்கலாம்? அரிசியில் வேறு பூசணம் பிடிக்கிறது.
- வாசகி, கோத்தகிரி

ப: ஆளுக்கு நாளைக்கு 350 கிராம் என்று வைத்தால் அரிசி 20 கிலோ. துவரம்பருப்பு மூன்றரை கிலோ, எண்ணெய் 2 லிட்டர், உப்பு ஒரு கிலோ போதும்.

பூசணத்துக்குக் காரணம் ஈரம். வெயிலில் காயவைத்த அரிசியைச் சூடாகவே டிரம்மில் கொட்டி மூடினால், இரவுக் குளிரில் மூடியின் உட்புறம் வேர்த்து மேலரிசியில் சொட்டும். நன்றாக ஆறட்டும். டிரம்மைப் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் சுவரே ஈரம் கக்கும். பழைய அரிசியைத் தீர்த்துவிட்டுப் புதிதைக் கொட்டுங்கள். தீப்பெட்டிக்கும் ஈரம் ஆகாது, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள்.

கேஸை மறக்காதீர்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும், கேஸும் கரையும். பருப்பை ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். கரி அடுப்பை மட்டும் குளிருக்காக மூடிய அறைக்குள் வைக்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

கே: இரண்டாம் உலகப் போரில் இங்கே அரிசிப் பங்கீடு ஏன் வந்தது?
- வாசகர், குன்னூர்

ப: முக்கியமான காரணம் பர்மா. 1942-ல் அது ஜப்பான் வசமானதும் அங்கிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. விலை ஏறியது, பதுக்கலும் கூடியது.