எந்த மைதானத்துக்குப் போடலாம் ஓட்டு?

கேள்வி: அமெரிக்காவுல மைனர் லீக் பேஸ்பால் (உச்சத்துல இருக்கற மேஜர் லீக்குக்கு அடுத்த கீழ் நிலை) மைதானங்கள்ல எது பெஸ்ட்டுன்னு ரசிகர்கள் ஓட்டுப் போடற போட்டி நடக்குது. நான் நார்த் கரோலினால டர்ஹம்ல இருக்கேன், எங்க ஊருக்கே போட்டுடலாமா? நீங்க எப்படி வரிசைப்படுத்துவீங்க?

பதில்: ஊர்ப்பாசத்துல போடறது தப்பே இல்லீங்க. ஆனா மேஜர் லீக் டீம்களோட சேர்ந்த மைனர் லீக் டீம் மொத்தம் 120 இருக்கு, பெரிய ஊர் டீமுக்கு ரசிகர் கூட்டம் அதிகம் ஓட்டும் அதிகம், சின்ன ஊர் மைதானம் எவ்ளோ அழகா இருந்தாலும் கீழயே கிடக்கும், அது எனக்கு மனசுக்கு ஆகல. நான் பாக்கறது ஒண்ணுதான்: இந்த மைதானத்தை அப்படியே பேத்து வேற ஊர்ல வெச்சா இதே மாதிரி இருக்குமா? இருக்கும்னா அதுக்கு முதல் இடம் கிடையாது.

அப்படிப் பாத்தா அயோவால டேவன்போர்ட்ல இருக்கற மாடர்ன் உட்மென் பார்க்தான் என் நம்பர் ஒன். 1931ல கட்டினது, மிசிசிப்பி ஆத்தங்கரையிலயே உக்காந்திருக்கு. பொழுது சாயற நேரத்துல வலது பக்கம் சென்டினியல் பாலத்துல வரிசையா லைட் எரிய ஆரம்பிக்கும் பாருங்க, பிட்சர் பந்து போடறதையே ஒரு நிமிஷம் மறந்துடுவோம். 110 அடி ராட்டினம் வேற உள்ளயே சுத்துது. 2019 வெள்ளத்துல சுத்தியும் தண்ணி, மைதானம் மட்டும் தீவு மாதிரி நின்னுச்சு. அந்த ஆறு இல்லன்னா அந்த மைதானமே இல்ல.

ரெண்டாவது உங்க ஊரு டர்ஹம் புல்ஸ் டீமோட மைதானம்தான். 1995ல திறந்தது, இடது பக்கம் 32 அடி நீல சுவர், அதுக்கு மேல அந்த காளை போர்டு! நம்ம டீம் ஆளு ஹோம்ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளிய அடிக்கறது) அடிச்சா கண்ணு சிவப்பா எரியும், மூக்குல புகை வரும், வாலு ஆடும். பந்து காளை மேல பட்டா அடிச்சவருக்கு ஸ்டேக், கீழ புல்லு மேல பட்டா சாலட்னு எழுதியே வெச்சிருக்காங்க. 1988ல வந்த 'புல் டர்ஹம்' படத்துக்காக பழைய மைதானத்துல வெச்ச போர்டுலேர்ந்து வந்த வழக்கம் இது.

மூணாவது ஒஹையோல டேட்டன். கட்டடம் சாதாரணம்தான், ஆனா 2000ல திறந்ததுலேர்ந்து சீட் காலியில்லாம ஓடி, 2011ல தொடர்ந்து 815 மேட்ச் டிக்கெட் வித்துத் தீந்துச்சு, அமெரிக்க புரொஃபஷனல் விளையாட்டுலயே அது அப்போ புது ரெக்கார்டு. மைதானத்தைப் பேக்கலாம், அந்தக் கூட்டத்தைப் பேக்க முடியுமா?

கேள்வி: ரோட் ஐலண்டுல இருக்கற பாடக்கெட் மெக்காய் ஸ்டேடியத்துக்கு ஓட்டு போடலாமா?

பதில்: ஆசையா இருக்கு, ஆனா டீம் 2021ல வுஸ்டருக்குப் போயிடுச்சு, ஸ்டேடியத்தையும் இடிச்சாச்சு. அங்க 1981 ஏப்ரல்ல ரோசெஸ்டர் டீம் கூட நடந்த மேட்ச், வழக்கமா 9 இன்னிங்ஸ்ல முடியறது, 33 இன்னிங்ஸ் போச்சு, பின்னாடி மேஜர் லீக்ல பெரிய ஸ்டாரான வேட் பாக்ஸும் கால் ரிப்கனும் எதிரெதிரா ஆடினது. குளிர் தாங்காம உடைஞ்ச பேட்டை டிரம்ல போட்டு எரிச்சு கை காய்ச்சிருக்காங்க. 32 இன்னிங்ஸ் முடிஞ்சு விடிகாலை 4.07க்கு நிறுத்தினப்போ சீட்ல இருந்தது 19 பேர்தான், மீதி ஒரு இன்னிங்ஸ் ஜூன்லதான் முடிஞ்சுது. இப்போ அதுக்குப் போட்டா கணக்குல சேராது, அந்த ஓட்டை டேவன்போர்ட்டுக்குப் போட்டுடுங்களேன்.