இறக்கைக்கு அடியில் நீலக் கறை

கேள்வி: பறக்குமுன் எரிபொருளில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கக் கப்பில் சாம்பிள் எடுத்த பிறகு, என் சிறு விமானத்தின் இடது இறக்கைத் தொட்டிக்கு அடியிலுள்ள டிரெயின் வால்வு சொட்டுகிறது. நாலைந்து முறை அழுத்திவிட்டால் நின்றுவிடுகிறது. அப்படியே பறக்கலாமா?

பதில்: அழுத்தினால் நிற்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் தூசிதான். வால்வுக்குள் ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங், கசிவைத் தடுக்கும் ஒரு ரப்பர் வளையம் (ஓ-ரிங்), அவ்வளவே. தொட்டியின் அடியில் தேங்கிய மணல்துகளோ சீலன்ட் (கசிவடைக்கும் பசை) துணுக்கோ ரிங்கின் அடியில் மாட்டிக்கொண்டால் வால்வு முழுதாக மூடாது. வேகமாக வெளிவரும் எரிபொருள் அதைக் கழுவிவிடும்போது சொட்டு நிற்கிறது. நின்றபின் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் சரி. சொட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் கிளம்பவே வேண்டாம்.

அடுத்தடுத்த நாட்களிலும் இதே கதை என்றால் ரிங் இறுகியிருக்கும் அல்லது வெட்டுப்பட்டிருக்கும். வால்வைச் சுற்றி நீலக் கறை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். 100எல்எல் எனும் நீலச் சாயமிட்ட விமானப் பெட்ரோல் ஆவியானாலும் அதன் சாயம் போகாது. கறை இருந்தால் கசிவு இன்று தொடங்கியதல்ல. கப்பைச் சாய்த்து அழுத்தும் பழக்கமும் தண்டை வளைத்துவிடும், நேராகவே அழுத்துங்கள்.

கேள்வி: ரிங் மாற்றத் தொட்டியைக் காலி செய்ய வேண்டுமா? மரையில் டெஃப்ளான் டேப் சுற்றலாமா?

பதில்: சில வால்வுகளில் வெளிப்பக்க ரிங்கை எரிபொருள் இருக்கும்போதே மாற்றலாம். பலவற்றில் முடியாது. உங்கள் வால்வு எந்த வகை என்பதைப் பராமரிப்புக் கையேட்டில் பாருங்கள். வால்வையே கழற்றுவதாக இருந்தால் தொட்டி காலியாகத்தான் வேண்டும். திறந்த வெளியில், மாஸ்டர் சுவிட்ச் அணைத்து, விமானத்தையும் உலோகக் கலனையும் எர்த் செய்துவிட்டு இறக்குங்கள். இந்தப் பெட்ரோலில் ஈயம் இருப்பதால் கையுறை அவசியம்.

பழைய ரிங்கை இரும்பு ஊசியால் நெம்பாதீர்கள். ஊசி ஒரு கீறல் போட்டுவிட்டால் புது ரிங்கும் கசியும். மரக்குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ போதும். புது ரிங் அதே பார்ட் நம்பராக இருக்கட்டும், தண்ணீர்க் குழாய்க்கான ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். மாட்டுமுன் அதன்மேல் கொஞ்சம் எரிபொருளைத் தடவிக்கொள்ளுங்கள்.

டெஃப்ளான் டேப் கூடவே கூடாது. அதன் நூலிழை பிரிந்து ஃபில்டரையோ என்ஜினுக்கு எரிபொருள் செல்லும் நுண்துளையையோ அடைத்துவிடும். கையேடு சொல்லும் சீலன்டை முதல் மரையை விட்டுத் தடவுங்கள். கூம்பு மரையாக இருந்தால் "இன்னும் கொஞ்சம்" என்று ஸ்பேனரை இழுக்காதீர்கள், தொட்டியின் பொருத்துமுனை விரிசல் விடும். எரிபொருள் நிரப்பிக் கசிவு பார்த்து, லாக்புக்கில் எழுதி, உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்திட்டால்தான் வேலை முடிந்தது.

கேள்வி: சாம்பிள் கப்பில் தண்ணீரையும் பெட்ரோலையும் பிரிக்கும் கோடு தெரியாவிட்டால் தண்ணீர் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. கப் முழுக்கத் தண்ணீராக இருந்தாலும் கோடு தெரியாது! வெள்ளைப் பின்னணியில் பிடித்து நீல நிறம் இருக்கிறதா பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். சந்தேகம் என்றால் நல்ல பெட்ரோல் சிறிது ஊற்றுங்கள், தண்ணீர் அடியில் தனியே நிற்கும். எரிபொருள் நிரப்பிய கையோடு சாம்பிள் எடுக்க வேண்டாம். ஓர் அடி ஆழத்துக்குப் பதினைந்து நிமிடம் என்ற கணக்கில் தண்ணீர் கீழிறங்க விடுங்கள்.