நேர்கோட்டில் சீரான வேகத்தில் போகும் மின்துகள் கதிர்வீசுமா?

வெற்றிடத்தில் வீசாது. ஆனால் வழியில் ஊடகத்தின் பண்பு மாறினால், முடுக்கமே இல்லாமலும் வீசும். துகளைச் சுற்றியுள்ள மின்புலத்துக்குக் கண்ணாடிக்குள் ஒரு வடிவம், காற்றில் வேறு வடிவம். எல்லையைத் தாண்டும்போது இரண்டும் பொருந்துவதில்லை. அந்த வித்தியாசம் கதிர்வீச்சாகக் கழன்று போகிறது. சோவியத் இயற்பியலாளர்கள் கின்ஸ்பர்க்கும் ஃபிராங்கும் 1945-ல் கணித்தது இது. ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் எலக்ட்ரானையும், அதைவிடக் கனமான பையான் என்ற துகளையும் பிரித்தறிய இன்று இதைப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, எல்லை இடத்தில் இல்லாமல் நேரத்தில் வந்தால்? எனக்கு இதுதான் சுவாரசியம். ஊடகம் முழுவதும் ஒளிவிலகல் எண் (ஒளியின் வேகத்தை ஊடகம் எவ்வளவு குறைக்கிறது என்ற அளவு) சட்டென மாறினால், உள்ளே ஓடும் ஒளியலையின் அலைநீளம் அப்படியே இருக்கும், அதிர்வெண் மாறும். கண்ணாடிப் பரப்பில் நடப்பதற்கு நேர்மாறு! ஒரு பகுதி அலை திரும்பியும் ஓடும். ஆற்றல் கணக்கு இடிக்கிறதே என்றால், பண்பை மாற்றும் கருவிதான் அதைக் கொடுக்கிறது, அல்லது எடுத்துக்கொள்கிறது.