சுங்க விதிகள்: குமரி வியாபாரிகளின் கேள்விகளும் பதில்களும்

மார்த்தாண்டம் ரப்பர் விவசாயி: அண்ணாச்சி, 2023 பட்ஜெட்ல கெமிக்கல் கலந்து வர்ற கலவை ரப்பருக்கு இறக்குமதி வரியக் கூட்டுனாங்க. நமக்கு என்ன பிரயோசனம்?

பதில்: 10 சதவீதமாக இருந்தது, 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது என்றானது. ஆனால் ஆசியான் எனும் தென்கிழக்கு ஆசிய நாடுகளுடனான ஒப்பந்தத்தின் வரிச் சலுகையில் வரும் சரக்கை இந்த உயர்வு தொடாது. ஓட்டை அங்கேதான். முன்பு அந்தச் சலுகைக்கு, சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று சொல்லும் மூலச் சான்றிதழைக் காட்டினால் போதும். 2020 செப்டம்பர் 21 முதல், சரக்கு அந்த நாட்டில்தான் உருவானது என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே திரட்டி ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதிகாரிக்குத் திருப்தி இல்லையென்றால் சலுகையை மறுக்கலாம். அருமையான விதி. ரப்பர் சரக்கில் இதைக் கறாராகப் பயன்படுத்தச் சொல்லி உங்கள் சங்கம் மனு கொடுக்கட்டும். வரியை ஏற்று என்று மட்டும் கேட்பது பாதி வேலைதான்.

கருங்கல் அண்டி ஆபீஸ் (முந்திரித் தொழிற்சாலை) உரிமையாளர்: தூத்துக்குடியில இறங்கின சரக்குக்கு வேற ஊர் அதிகாரி கேள்வி கேக்காரு. கன்டெய்னர் வாடகை ஏறிட்டே இருக்கு.

பதில்: முகமில்லா மதிப்பீடு, அதாவது வேறு ஊர் அதிகாரி கணினி வழியாக ஆவணம் பார்த்து வரியை மதிப்பிடும் முறை, 2020 அக்டோபர் 31 முதல் நாடு முழுக்க வந்துவிட்டது. ஆளைப் பிடித்துக் காரியம் முடிக்கும் பழக்கத்தை அது உடைத்தது, அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த அதிகாரியின் கண்முன் சரக்கு இல்லை. நீங்கள் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரிதான் இருக்கிறது. 'முந்திரி' என்று மொட்டையாக எழுதாதீர்கள். சுங்க வகைப்பாட்டு எண்ணில், தோட்டோடு வரும் பச்சைக் கொட்டை 080131, தோடு உடைத்து எடுத்த பருப்பு 080132. கொட்டை என்றால் எந்த நாட்டுச் சரக்கு, எத்தனை மூட்டை, என்ன ஈரப்பதம் என்று எழுதுங்கள். பருப்பைக் கால்நடைத் தீவனம் என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தவர்களால்தான் நேர்மையானவர்களுக்கும் இந்தக் கெடுபிடி. கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தியாயிற்று. கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். அதிகாரி கேள்வி எழுப்பவும் ஒரு காலக்கெடு வேண்டும், வாடகை கட்டுவது நாம்தானே.

ஈத்தாமொழி கயிறு மிதியடிக்காரர்: சின்னப் பார்சலா வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்ட் வேணுமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஏற்றுமதி எண் எடுத்துக்கொள்ளுங்கள். 2022 விதிகளின்படி தபால் ஏற்றுமதி பில்லை ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

குளச்சல் இறக்குமதியாளர்: சரக்கு வெளியே வந்த பிறகு வரியில் தவறு தெரிந்தால்?

பதில்: 2025 நிதிச் சட்டம் சுங்கச் சட்டத்தில் 18ஏ பிரிவைச் சேர்த்திருக்கிறது. நீங்களாகவே திருத்தி, கட்டாமல் விட்ட வரியை வட்டியோடு கட்டினால் அபராதம் கிடையாது. தணிக்கையோ சோதனையோ தொடங்கி உங்களுக்குத் தகவல் வந்துவிட்டால் இந்த வழி அடைபடும். ஆகவே தெரிந்த அன்றே கட்டுங்கள்.